பாஸ்தா சாஸ் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

பாஸ்தா சாஸ் பாட்டிலின் முன்பக்கம் விற்பதற்காக எழுதப்பட்டது. கொடியில் தொங்கும் தக்காளி, மரக்கரண்டி, 'பாரம்பரிய ருசி', 'வீட்டுப் பக்குவம்' எல்லாம் அங்கேதான் இருக்கும். ருசியையும் பக்குவத்தையும் யாரும் அளந்து சரிபார்ப்பதில்லை. பின்பக்கம் அப்படியில்லை. உள்ளே இருப்பதை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவை அந்தப் பொடி எழுத்துகளை வைத்தே எடுத்துவிடலாம். பழகிவிட்டால் ஒரு பாட்டிலுக்கு அரை நிமிஷம் போதும்.

தேடும்போது ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிறகு சேர்க்க முடிகிற எதுவும் குறைவாக இருந்தால் பரவாயில்லை; எடுக்க முடியாத எதுவும் கூடுதலாக இருக்கக் கூடாது. காரம், பூண்டு, எண்ணெய், மூலிகை இவற்றை அடுப்பில் வைத்த பிறகும் சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரையையும் உப்பையும் ஸ்டார்ச் என்னும் மாவுச்சத்தையும் வெளியே எடுக்க வழி இல்லை. அதனால் நல்ல மரினாரா (எளிய தக்காளி சாஸ்) ஒன்றை வாங்குவது, ஏழு காய்கறியும் மூன்று சீஸும் போட்டதாகச் சொல்லிக்கொள்ளும் பாட்டிலை வாங்குவதைவிட அநேகமாக எப்போதும் மேல்.

முதல் பெயர் தக்காளியா, தண்ணீரா?

இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒன்று: தக்காளி, ஆலிவ் எண்ணெய், வெங்காயம், உப்பு, பூண்டு, பேசில், மிளகு, ஒரிகானோ.

இரண்டு: தக்காளிக் கூழ் (தண்ணீர், தக்காளி விழுது), நறுக்கிய தக்காளி (தக்காளி, தக்காளிச் சாறு, சிட்ரிக் அமிலம், கால்சியம் குளோரைடு), சர்க்கரை, சோயா எண்ணெய், உப்பு, மாற்றியமைக்கப்பட்ட சோள ஸ்டார்ச், உலர்ந்த வெங்காயம், பூண்டுப் பொடி, மசாலாப் பொருட்கள், இயற்கைச் சுவையூட்டி.

இரண்டாவதில் முதலில் நிற்பது தக்காளிக் கூழ் என்று தோன்றும். அடைப்புக்குறிக்குள் பார்த்தால் அந்தக் கூழே தண்ணீரில் கரைத்த விழுது. தக்காளி அறுவடைக்காலம் சில வாரங்களில் முடிந்துவிடும். தொழிற்சாலையோ ஆண்டு முழுக்க ஓட வேண்டும். அதற்காகத் தக்காளியைச் சுண்டவைத்து, கரையும் திடப்பொருள் 28 முதல் 30 சதவீதம் வரை வரும்படி விழுதாக்கிப் பீப்பாய்களில் அடைத்து வைப்பார்கள். தேவைப்படும்போது தண்ணீர் ஊற்றினால் கூழ் தயார். இதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் விழுதாகும்போது ஒருமுறை, சாஸாகும்போது இன்னொருமுறை என்று தக்காளி இரண்டு தடவை வெந்துவிடுகிறது. பழத்தின் வாசனை போய், இனிப்பும் கனமுமான வெந்த ருசி மட்டும் மிஞ்சும். நிறமும் செங்கல் பக்கம் சாயும்.

பட்டியலின் தலையில் முழுத் தக்காளி, தோலுரித்த தக்காளி, நசுக்கிய தக்காளி என்று ஏதாவது இருந்தால் அது நல்ல அடையாளம். இரண்டாவது இடத்திலோ மூன்றாவது இடத்திலோ கொஞ்சம் விழுது வந்தால் கவலைப்பட வேண்டாம். கெட்டித்தன்மைக்காக நல்ல தயாரிப்பாளர்களும் சேர்ப்பதுண்டு. தண்ணீர் தனிப் பெயராக முதலிலோ இரண்டாவதாகவோ நின்றால் அடுத்த பாட்டிலுக்குப் போய்விடுங்கள்.

கால்சியம் குளோரைடு பற்றி ஒரு வார்த்தை. தக்காளித் துண்டுகள் கரையாமல் சதுரம் சதுரமாக நிற்பதற்காகச் சேர்ப்பது இது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அந்தத் துண்டுகள் குழையாது. கரண்டியால் நசுக்கினாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். வழவழப்பான சாஸ் வேண்டுமென்றால் இந்தப் பெயர் இல்லாத பாட்டிலாக எடுங்கள். துண்டுதுண்டாக இருப்பது தரம் என்றோ கூழாக இருப்பது மட்டம் என்றோ இல்லை, அது விருப்பம். 1980களில் காம்ப்பெல் நிறுவனத்தின் பிரெகோ சாஸுக்காக ஹோவர்ட் மோஸ்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 45 வகை சாஸ்களைச் செய்து மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போது கடையில் அவ்வளவாகக் கிடைக்காத, துண்டுகள் நிறைந்த சாஸைப் பெரிய கூட்டமே விரும்புகிறது என்று தெரியவந்தது. இன்று அலமாரியில் ஒரே பெயரில் பத்து வகை நிற்பதற்கு அந்தச் சோதனையும் ஒரு காரணம்.

உப்பை எடைக்கல்லாக வையுங்கள்

பட்டியலில் அளவு எழுதியிருக்காது, வரிசை மட்டும்தான் இருக்கும். அந்த வரிசையிலிருந்து அளவைக் கறக்க ஒரு வழி உண்டு. உப்பு எவ்வளவு என்பதை ஊட்டச்சத்து அட்டவணையே சொல்லிவிடுகிறது. அதை எடைக்கல்லாக வைத்து மற்றவற்றை நிறுத்துப் பார்க்கலாம்.

ஒரு பரிமாறலுக்கு 125 கிராம், அதில் சோடியம் 400 மில்லிகிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறத்தாழ 1 கிராம் உப்பு. அதாவது சாஸில் உப்பு 0.8 சதவீதம். 680 கிராம் பாட்டில் முழுவதற்கும் சுமார் ஐந்தரை கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இப்போது பட்டியலைப் பாருங்கள். ஆலிவ் எண்ணெய் உப்புக்குப் பின்னால் வந்திருந்தால், வரிசை கறாராக இருக்கும் பட்சத்தில், முழு பாட்டிலிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான். முன்பக்கத்தில் ஆலிவ் கிளை படம் போட்டிருந்தாலும் அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்ன நெளிவு இருக்கிறது. 2 சதவீதத்துக்குக் குறைவான பொருட்களைப் பட்டியலின் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் விதி இடம் தருகிறது. அதனால் உப்புக்குப் பின்னால் வரும் ஒன்று உப்பைவிடச் சற்று அதிகமாகவும் இருக்கலாம். ஆனால் 2 சதவீதத்தைத் தாண்டாது. 680 கிராமில் அது 13 கிராம் சொச்சம், எண்ணெயாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி. எப்படிக் கணக்குப் போட்டாலும் உப்புக்கு முன்னால் இருப்பவைதான் சாஸின் உடம்பு, பின்னால் இருப்பவை மணத்துக்குத் தூவியவை.

எது எங்கே இருந்தால் சரி? எண்ணெய், வெங்காயம் இரண்டும் உப்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பூண்டு முன்னாலும் இருக்கலாம், பக்கத்திலும் இருக்கலாம். காய்ந்த ஒரிகானோ, மிளகு, மிளகாய்த் தூள் பின்னால் இருப்பதுதான் நியாயம். அவை 5 கிராம் என்றாலே பாட்டிலுக்கு அதிகம். சர்க்கரை உப்புக்கு முன்னால், அதிலும் எண்ணெய்க்கே முன்னால் இருந்தால் அந்த சாஸை இனிப்பாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். 'பேசில் நிறைந்தது' என்று முன்பக்கம் சொல்லி, பட்டியலில் பேசில் கடைசிப் பெயராக நின்றால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம்.

பூண்டு, வெங்காயம் என்று மட்டும் இருக்கிறதா, பூண்டுப் பொடி, உலர்ந்த வெங்காயம் என்று இருக்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியது. பொடி வகைகள் கடைசியில் நாக்கில் ஒரு கசப்பை விட்டுப்போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பாட்டில்களில் இன்னொரு வசதி உண்டு. பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை எடுத்துக்காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் எழுத வேண்டும். தக்காளி 80 சதவீதத்துக்கு மேல், பேசில் 2, 3 சதவீதம் என்று நேரடியாகவே பார்த்துவிடலாம்.

சர்க்கரை

தக்காளியிலேயே சர்க்கரை உண்டு. சமைக்காத 100 கிராம் தக்காளியில் இரண்டரை கிராம் சுமாருக்கு இருக்கும். சாஸாகச் சுண்டும்போது அது கூடும். வெங்காயமும் கேரட்டும் கொஞ்சம் சேர்க்கும். அதனால் 125 கிராம் சாஸில் மொத்தச் சர்க்கரை 4 முதல் 6 கிராம் வரை இருந்தால் எதுவும் கலக்காத சாஸாகவே இருக்கக்கூடும். 8 கிராமைத் தாண்டினால் வெளியிலிருந்து போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். 12 கிராம் என்றால், 4 கிராம் ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில், பரிமாறலுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை தூவியதற்குச் சமம். அமெரிக்க லேபிள்களில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று தனி வரியே இருக்கும். அங்கே இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை, பூஜ்ஜியமா என்று பார்த்தால் போதும்.

சர்க்கரையை ஏன் போடுகிறார்கள் என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது. தக்காளியின் அமிலத்தன்மை ரகத்துக்கு ரகம் மாறும். பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளராது. தக்காளி இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஊசலாடுவதால், பாதுகாப்புக்காகச் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. தக்காளி பழுக்காததாகவோ மட்டமானதாகவோ இருக்கும்போது அந்தப் புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதை மூடத்தான் சர்க்கரை. சர்க்கரையைச் சமன்செய்ய உப்பு கூடும். சிட்ரிக் அமிலம் இருந்தும் சர்க்கரை இல்லாத சாஸ் என்றால் தக்காளி நன்றாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாட்டிலை நம்பலாம்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பழச்சாறு அடர்கரைசல், கேரட் விழுது, பேரீச்சம்பழக் கூழ் என்று பட்டியலில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், சோளச் சிரப் எல்லாமே அதே குடும்பம்தான்.

உப்பு

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது. அரை கப் சாஸில் 400 முதல் 500 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். 350க்குக் கீழே கிடைத்தால் நல்லது. 600க்கு மேல் போனால் வேண்டாம்.

இங்கே கவனம் தவறுவது பரிமாறும் அளவில். லேபிளில் அரை கப் என்று போட்டிருப்பார்கள். பசியோடு உட்கார்ந்தால் தட்டில் விழுவது முக்கால் கப், ஒரு கப். அப்போது எண்களும் அதே விகிதத்தில் ஏறும். இரண்டு பாட்டில்களை ஒப்பிடும்போது ஒன்றில் பரிமாறல் 60 கிராம், இன்னொன்றில் 125 கிராம் என்று இருக்கக்கூடும். 100 கிராமுக்கான கட்டம் இருந்தால் அதை மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே 100 கிராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சில நாடுகளில் சோடியத்துக்குப் பதில் உப்பு என்றே போடுவார்கள். 1 கிராம் உப்பு 400 மில்லிகிராம் சோடியம் என்பது நினைவிருந்தால் போதும்.

எண்ணெயும் கெட்டித்தன்மையும்

ஆலிவ் எண்ணெய் போட்ட சாஸுக்கும் சோயா, சூரியகாந்தி, கனோலா எண்ணெய் போட்ட சாஸுக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். தக்காளி, பூண்டு, பேசில் இவற்றின் வாசனைப் பொருட்களில் பலவும் கொழுப்பில் கரைந்துதான் நாக்குக்கு வருகின்றன. எண்ணெய்க்கே ஒரு மணம் இருந்தால் இன்னும் நல்லது. 'ஆலிவ் எண்ணெயுடன்' என்று முன்பக்கம் எழுதி, பட்டியலில் சூரியகாந்தி எண்ணெய் முன்னாலும் ஆலிவ் பின்னாலும் நிற்பது பழைய வித்தை. 125 கிராமுக்குக் கொழுப்பு 1 கிராம்தான் என்றால் சாஸ் சப்பென்று இருக்கும், ஆனால் அதை வீட்டில் சரிசெய்துவிடலாம். மட்டமான எண்ணெய் போட்டதைத்தான் சரிசெய்ய முடியாது.

தக்காளி சாஸ் தானாகவே சுண்டிக் கெட்டியாக வேண்டும். ஸ்டார்ச், சாந்தன் கம், குவார் கம் என்று பட்டியலில் பார்த்தால் சுண்டவைக்கும் நேரத்தையும் எரிபொருளையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட சாஸ் பாஸ்தாமேல் பசை மாதிரி படியும், ஆறினால் கட்டிதட்டும். கிரீம் சாஸ்களில் மட்டும் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், பிரிந்துபோகாமல் பிடித்துவைக்க அவற்றுக்கு ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது.

கண்ணாடி வழியாகத் தெரிவது

தகரத்திலும் பையிலும் வரும் சாஸ் மட்டமானது என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடிப் பாட்டிலில் உள்ளே பார்க்கலாம் என்பதால் முதல்முறை வாங்கும் பெயரைக் கண்ணாடியில் வாங்குவது நல்லது.

பாட்டிலை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல சாஸ் சுவரை ஒட்டியபடி சீரில்லாமல் இறங்கும். விதை, சதைத் துணுக்கு, மூலிகை இலை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பளபளவென்று ஒரே கட்டியாக, ஜெல்லி போல் நகர்ந்தால் ஸ்டார்ச். தண்ணீராய் ஓடிச் சலசலத்தால் சுண்டவில்லை. மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தெளிந்த நீர் நின்றால் அதுவும் சரியாகச் சுண்டாததன் அடையாளம். மேலே மெல்லிய எண்ணெய் வளையம் நிற்பது குறையில்லை. உண்மையிலேயே எண்ணெய் போட்டிருக்கிறார்கள், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பொருள் எதுவும் போடவில்லை என்பதற்கான சாட்சி. நிறம் பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் குறைந்த நேரம் சமைத்தது. பழுப்பு கலந்த சிவப்பாக இருந்தால் நீண்ட நேரம் சமைத்தது, அல்லது அலமாரியில் நெடுநாள் இருந்தது. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துப் பாட்டில்கள் நிறம் மாறியிருந்தால் தேதியைப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

மூடியைக் கட்டாயம் தொட்டுப் பார்க்க வேண்டும். சாஸைச் சூடாக ஊற்றி மூடுவார்கள். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியின் நடுப்பகுதி உள்பக்கம் குழியும். விரலால் அழுத்தினால் அசையக் கூடாது. 'டிக் டிக்' என்று மேலும் கீழும் போனால் ஏற்கனவே காற்றுப் புகுந்துவிட்டது. மூடி உப்பியிருந்தாலும், திறக்கும்போது சாஸ் பீய்ச்சிக்கொண்டு வந்தாலும் ருசி பார்க்கவே கூடாது, அப்படியே தூக்கிப் போட வேண்டும். தகர டப்பா உப்பியிருந்தாலும், தையல் ஓரத்தில் நசுங்கியிருந்தாலும் இதே விதி.

எந்த வகை?

மரினாரா, பொமொதோரோ இரண்டும் தக்காளியை நம்பி நிற்பவை. மேலே சொன்ன எல்லாம் இவற்றுக்கு அப்படியே பொருந்தும். அரபியாத்தா மிளகாய் போட்டது. மரினாராவில் காய்ந்த மிளகாயைத் தாளித்தால் அதே ருசி வந்துவிடுவதால் தனியாக வாங்க அவசியம் இல்லை. புட்டனெஸ்காவில் ஆலிவ், கேப்பர் (ஊறவைத்த பூமொட்டு), நெத்திலி இருக்கும். இவை மூன்றும் உப்பு நிறைந்தவை என்பதால் சோடியம் எண் ஏறித்தான் இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் தவிர்க்க வேண்டியதும்கூட. வோட்கா சாஸ் தக்காளியும் கிரீமும் சேர்ந்தது. அதில் கிரீம் உப்புக்கு முன்னால் இருக்கிறதா, கிரீமுக்குப் பதில் பால் பொடியும் ஸ்டார்ச்சும் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

பொலோனீஸ் வாங்குவதாக இருந்தால் இறைச்சியின் சதவீதத்தைத் தேடுங்கள். இத்தாலியச் சமையல் கழகம் 1982இல் பொலோன்யா வணிகச் சபையில் பதிவுசெய்துவைத்த செய்முறையில் இறைச்சிதான் பிரதானம், தக்காளி துணைக்கு மட்டும். பாட்டிலில் வருவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: தக்காளி சாஸில் கொஞ்சம் கொத்துக்கறி. அதைவிட, கறியை வீட்டில் வதக்கி, நல்ல மரினாராவை அதில் ஊற்றி முக்கால் மணி நேரம் சிறுதீயில் வைத்துவிடலாம்.

ஆல்ஃபிரெடோவை பாட்டிலில் வாங்குவது வீண் செலவு. ரோமில் ஆல்ஃபிரெடோ தி லேலியோ பரிமாறியதில் வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும்தான்; கிரீம்கூடக் கிடையாது. பாட்டிலில் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர், கிரீம், எண்ணெய், ஸ்டார்ச், கம், சீஸ் சுவையூட்டி. சூடுபடுத்தும்போது மணல் போல் திரிவதும் எண்ணெய் பிரிவதும் அடிக்கடி நடக்கும். 200 கிராம் பாஸ்தாவுக்கு 60 கிராம் வெண்ணெய், 80 கிராம் துருவிய சீஸ், பாஸ்தா வெந்த நீர் கொஞ்சம். அடுப்பை அணைத்துவிட்டுக் கலக்கினால் ஐந்து நிமிஷ வேலை.

பெஸ்டோ தனி ரகம். ஜெனோவா முறையில் பேசில், பைன் பருப்பு, பூண்டு, பார்மிஜானோ, பெக்கொரினோ சீஸ்கள், உப்பு, எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய், இவ்வளவுதான். பாட்டில் பெஸ்டோவில் பைன் பருப்புக்குப் பதில் முந்திரி, ஆலிவுக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய், உடம்பு கூட்ட உருளைக்கிழங்குத் தூள். முந்திரி இருந்தால் பெரிய இழப்பில்லை. உருளைக்கிழங்குத் தூளோ சர்க்கரையோ இருந்தால் விட்டுவிடுங்கள். அலமாரியில் இருக்கும் பெஸ்டோ வெப்பத்தில் பதப்படுத்தியது, அதனால் பேசில் ஆலிவ் பச்சையாகக் கறுத்து, மணமும் மங்கியிருக்கும். குளிர்பெட்டியில் விற்பது இலைப் பச்சையாக இருக்கும், ருசியும் வேறு. முடிந்தால் அதையே வாங்குங்கள், ஆயுள் குறைவு என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பெஸ்டோவை ஒருபோதும் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம். 200 கிராம் பாஸ்தாவுக்கு 80 முதல் 90 கிராம் பெஸ்டோ, இரண்டு மூன்று மேசைக்கரண்டி பாஸ்தா நீர். அடுப்பிலிருந்து இறக்கிய பின் கலந்தால் போதும்.

சைவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ ஆகியவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கப்படுபவை. பெஸ்டோவிலும் சீஸ் சாஸ்களிலும் சைவ முத்திரை தனியாக இருந்தால்தான் சைவம்.

முன்பக்கத்தில் நம்பக்கூடிய ஒன்றிரண்டு

சான் மர்சானோ என்ற பெயர் நிறையப் பாட்டில்களில் இருக்கும். 1996 முதல் ஐரோப்பியப் பாதுகாப்புப் பெற்ற பெயர், 'சார்னோ-நொசேரா வட்டாரத்துச் சான் மர்சானோ தக்காளி' என்ற முழுப்பெயர். நேப்பிள்ஸை ஒட்டிய குறிப்பிட்ட நிலப்பகுதியில் விளைந்ததற்கு மட்டும் டிஓபி (பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர்) முத்திரை கிடைக்கும். 'சான் மர்சானோ வகை', 'சான் மர்சானோ பாணி' என்று இருந்தால் அதே விதையை வேறெங்கோ விளைவித்திருக்கலாம், அல்லது உருவம் மட்டும் நீளமாக இருக்கலாம். அது மட்டம் என்று இல்லை, ஆனால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. தவிர, சாஸாகச் சமைத்த பிறகு தக்காளியின் ரகத்தைவிட அது எவ்வளவு பழுத்திருந்தது என்பதுதான் நாக்குக்குத் தெரியும்.

'குளூட்டன் இல்லாதது' என்பது தக்காளி சாஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் இயல்பாகவே உண்மை. குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் அந்த முத்திரை முக்கியம். விலையை ஒப்பிடும்போது பாட்டிலைப் பாட்டிலோடு வைத்துப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள்; பாட்டிலின் அடிப்பகுதி உள்பக்கம் குழிந்திருந்தால் 400 கிராமும் 500 கிராமும் ஒரே உயரத்தில் நிற்கும்.

வாங்கி வந்த பின்

புதிய பெயர் என்றால் மொத்தத்தையும் கொட்டுவதற்கு முன் ஒரு கரண்டி சாஸை வெள்ளைத் தட்டில் வைத்து இரண்டு நிமிஷம் விட்டுவிடுங்கள். சுற்றிலும் இளஞ்சிவப்பு நீர் வளையம் ஓடினால் சுண்டவைக்க வேண்டும். வளையமே இல்லாமல் கொழுக்கென்று நின்றால் ஸ்டார்ச் வேலை. ருசி பார்ப்பதாக இருந்தால் சூடாக்கிப் பாருங்கள். குளிர்ந்த சாஸில் இனிப்பும் மணமும் அடங்கித் தெரியும். அதை நம்பிச் சர்க்கரையோ மூலிகையோ சேர்த்தால் சூடானதும் தூக்கலாகிவிடும்.

அளவு: 680 கிராம் பாட்டில் 450 கிராம் உலர் பாஸ்தாவுக்கு, 400 கிராம் பாட்டில் 250 முதல் 300 கிராமுக்கு. சாஸ் பாதித் தட்டில் தனியாகத் தேங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. பாஸ்தா வேகும் நீரில் வழக்கமாக லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போடுபவர்கள் பாட்டில் சாஸுக்கு 5 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அகலமான வாணலியில் 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, மெல்லியதாக நறுக்கிய 2 பல் பூண்டை ஓரம் பொன்னிறமாகும் வரை மட்டும் வதக்கி (கருகினால் சாஸ் முழுக்கக் கசக்கும்), பாட்டிலை ஊற்றி 8 முதல் 10 நிமிஷம் மூடாமல் கொதிக்கவிடுங்கள். காலிப் பாட்டிலில் அரை கப் பாஸ்தா நீரை ஊற்றிக் குலுக்கி அதையும் சேர்க்கலாம்; கண்ணாடி விரிசல் விடாமலிருக்க நீர் சற்று ஆறியிருக்க வேண்டும். பாஸ்தாவை ஒரு நிமிஷம் முன்னதாகவே எடுத்து, சாஸிலேயே போட்டு வேகவைத்து முடியுங்கள். நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் சாஸை பாஸ்தாவோடு பிணைக்கிறது. வேகவைத்ததைக் குழாய் நீரில் அலசினால் அது போய்விடும், சாஸ் வழுக்கி அடியில் தங்கும்.

சாஸ் ஏமாற்றிவிட்டால் செய்யக்கூடியவை சில உண்டு. புளிப்பு அதிகமென்றால் 680 கிராமுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா. நுரைத்துப் பொங்கும், பாத்திரம் ஆழமாக இருக்கட்டும். அதற்கு மேல் போட்டால் சோப்பு ருசி வந்துவிடும். கால் தேக்கரண்டியிலேயே 300 மில்லிகிராம் சோடியமும் சேர்கிறது. சோடா பிடிக்காவிட்டால் இறக்கும்போது ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், புளிப்பு குறையாது, ஆனால் மழுங்கும். இனிப்பு அதிகமென்றால் ஒரு தேக்கரண்டி சிவப்பு வினிகரும் மிளகாய்த் துகளும். உப்பு அதிகமென்றால் உப்பில்லாத நசுக்கிய தக்காளி ஒரு டின் கலந்து பதினைந்து நிமிஷம் கொதிக்கவைப்பது ஒன்றே வழி. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சும் என்பதை நம்பாதீர்கள், அது உறிஞ்சுவது உப்புநீரை, சாஸின் உப்புச் செறிவு அப்படியேதான் இருக்கும். சப்பென்று இருந்தால் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதை நிறம் ஆழ்ந்து செங்கல் நிறமாகும் வரை வதக்கிவிட்டு அதன்மேல் சாஸை ஊற்றுங்கள். பேசில் இலையை அடுப்பை அணைத்த பிறகுதான் கிள்ளிப் போட வேண்டும்.

திறந்த தக்காளி சாஸ் குளிர்பெட்டியில் ஐந்து முதல் ஏழு நாள் தாங்கும்; லேபிளில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் லேபிளைக் கேளுங்கள். கிரீம் சேர்ந்தது மூன்று நாள். கரண்டியை நக்கிவிட்டு மறுபடி உள்ளே விட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தகர டப்பாவைத் திறந்தால் மீதியைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உலோக வாடை ஏறும். மூடியின் உள்பக்கமோ சாஸின்மேலோ பூசணம் தெரிந்தால் மேலாக வழித்தெடுத்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் ஏற்கனவே கீழே இறங்கியிருக்கும், பாட்டிலோடு போக வேண்டியதுதான். அரைப் பாட்டில் மீந்து வாரத்துக்குள் தீராது என்று தெரிந்தால் முதல் நாளே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பைக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாதம் வரை ருசி குறையாது. பெஸ்டோவையும் இப்படி உறையவைக்கலாம். ஆல்ஃபிரெடோவை மட்டும் கூடாது, உருகும்போது நீரும் கொழுப்பும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.